லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு?

அரசின் அட்டவணையை அப்படியே நம்புவதானால், 2020ஆம் ஆண்டில் இந்தியப் பெருநகரங்களிலேயே குற்றம் மிகுந்தது சென்னைதான். லட்சம் பேருக்கு 1,937.1 வழக்குகள். அடுத்து 1,608.6 என்ற எண்ணுடன் தில்லியும், 1,300 என்ற எண்ணுடன் அகமதாபாத்தும் நின்றன. பட்டியலின் கடைசியில், வெறும் 129.5 என்ற எண்ணுடன், ‘இந்தியாவின் மிகப் பாதுகாப்பான நகரம்’ என்ற பட்டத்தைக் கொல்கத்தா தட்டிச் சென்றது. அந்த ஆண்டைச் சென்னையில் கழித்தவர்களுக்கு இது விந்தையாகத்தான் பட்டிருக்கும். கோயம்பேடு சந்தையே மூடப்பட்டு, பேருந்தும் ரயிலும் நின்று, மாலையானால் தெருவில் நாய்களைத் தவிர வேறு நடமாட்டம் இல்லாத மாதங்கள் அவை. கொள்ளையடிக்க விரும்பியவனும் வீட்டுக்குள்தான் இருந்தான்.

விளக்கம் எளியது. ஊரடங்கை மீறி வெளியே வந்தவர்கள் மீது போடப்பட்ட வழக்குகளும் குற்ற வழக்குகளே. அரசு ஊழியரின் ஆணையை மீறுவதற்கான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில் நாடு முழுவதும் 2019இல் 29,469 வழக்குகள் பதிவாகியிருந்தன. 2020இல் அந்த எண்ணிக்கை 6,12,179. ‘பிற குற்றங்கள்’ என்ற தலைப்பின்கீழ் இருந்தவை 2,52,268இலிருந்து 10,62,399ஆக எகிறின. தமிழ்நாட்டில் மட்டும் தண்டனைச் சட்ட வழக்குகள் ஏறத்தாழ 1.68 லட்சத்திலிருந்து 8.9 லட்சமாக உயர்ந்தன. அதே ஆண்டில் நாடெங்கும் திருட்டு வழக்குகள் கணிசமாகக் குறைந்தன. பால் வாங்கப் போனவரும் காய்கறி வாங்கப் போனவரும் சேர்ந்து சென்னையை முதலிடத்தில் ஏற்றிவைத்தார்கள் என்று சொன்னால் அதில் மிகை அதிகமில்லை.

இந்தப் பட்டியலைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அண்ணன் மகளின் மேற்படிப்பை ஒட்டி வந்தது. எந்த ஊருக்கு அனுப்பலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்ததும், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வண்ணப் படம் ஒன்றைக் காட்டி, “தம்பி, கொல்கத்தாதான் ரொம்பப் பாதுகாப்புன்னு போட்டிருக்கு, நீங்க என்ன சொல்றீங்க?” என்று அண்ணி கேட்டார். வீட்டில் எனக்குக் கணக்குத் தெரிந்தவன் என்ற பெயர் உண்டு. ஒரு வரியில் விடை சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் மக்கள்தொகையையும் குற்றங்களையும் எடுத்து ஒன்றை மற்றொன்றால் வகுத்து, நகரங்களை வரிசைப்படுத்தும் அந்தச் சிறிய கணக்கில், தொகுதி, பகுதி இரண்டிலுமே கேள்விகள் மறைந்திருக்கின்றன.

முதலில் கீழே இருக்கும் எண்ணை, அதாவது மக்கள்தொகையை, எடுத்துக்கொள்வோம். 1986இல் தொடங்கப்பட்ட தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 19 பெருநகரங்களுக்குத் தனி அட்டவணைகள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும், கேரளத்திலிருந்து கொச்சியும் கோழிக்கோடும் அதில் இருக்கின்றன. மாநிலங்களுக்கு விகிதம் கணக்கிடும்போது அந்தந்த ஆண்டுக்கு மதிப்பிடப்பட்ட மக்கள்தொகையைப் பயன்படுத்தும் இந்த அறிக்கை, நகரங்களுக்கு மட்டும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்ணையே பயன்படுத்தி வந்திருக்கிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால், 2022ஆம் ஆண்டின் குற்றங்களும் 2011ஆம் ஆண்டின் மனிதர்களால் வகுக்கப்பட்டன.

எல்லா நகரங்களும் ஒரே வேகத்தில் வளர்ந்திருந்தால் இதனால் பெரிய கேடில்லை, வரிசை மாறாது. ஆனால் பெங்களூரு 2001இல் 57 லட்சமாக இருந்து 2011இல் 85 லட்சமானது. இப்போது அது 1.3 கோடியைத் தொட்டிருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. 130 லட்சத்தால் வகுக்க வேண்டியதை 85 லட்சத்தால் வகுத்தால் விகிதம் ஒன்றரை மடங்காகத் தெரியும். இதற்கு நேர்மாறாக, கொல்கத்தா மாநகராட்சிப் பகுதியின் மக்கள்தொகை 2001க்கும் 2011க்கும் இடையில் 45.7 லட்சத்திலிருந்து 45 லட்சமாகக் குறைந்தது. வளரும் நகரத்தையும் தேங்கிய நகரத்தையும் பழைய எண் ஒன்றால் அளந்தால், வளர்ந்த நகரம் வளர்ந்த குற்றத்துக்காகவே குற்றவாளி ஆகிறது.

இதைவிடச் சிக்கலானது எல்லை. அட்டவணையில் கொல்கத்தாவுக்குப் போடப்பட்டிருக்கும் மக்கள்தொகை 141 லட்சம். அது மாநகராட்சியின் மக்கள்தொகை அன்று. மாநகராட்சியோடு ஒட்டி வளர்ந்த நகராட்சிகள், சிற்றூர்கள் எல்லாம் சேர்ந்த பெருந்தொகுப்பின் மக்கள்தொகை. அந்தப் பரப்புக்குள் கொல்கத்தா காவல்துறையைத் தவிர ஹவுரா, விதான்நகர், பாரக்பூர், சந்தன்நகர் எனத் தனித்தனி காவல் ஆணையரகங்கள் இருக்கின்றன. 2022இல் கொல்கத்தாவின் விகிதம் 86.5 என்று அறிவிக்கப்பட்டது. அதை 141 லட்சத்தோடு பெருக்கினால் சுமார் 12,200 வழக்குகள் வரும். இந்த 12,200 வழக்குகள் ஹவுராவின் காவல் நிலையங்களையும் சேர்த்துத் திரட்டப்பட்டவையா, கொல்கத்தா காவல்துறையின் ஏடுகளிலிருந்து மட்டும் எடுக்கப்பட்டவையா என்பதைத்தான் எவரும் முதலில் கேட்க வேண்டும். பின்னதாக இருந்தால், 45 லட்சம் பேரின் குற்றங்கள் 141 லட்சம் பேருக்குப் பங்கிடப்படுகின்றன. சரியான எண்ணால் வகுத்தால் விகிதம் 270ஐத் தாண்டி, அதே ஆண்டில் இரண்டாம் இடம் பெற்ற புனேயின் 280.7க்குப் பக்கத்தில் போய் நிற்கும். இந்தக் கேள்வி கேட்கப்படாமலேயே பட்டமளிப்பு விழா ஆண்டுதோறும் நடந்துவிடுகிறது.

சென்னையிலும் எல்லை அசையாமல் இருக்கவில்லை. 2022 தொடக்கத்தில் சென்னைப் பெருநகரக் காவல்துறையிலிருந்து தாம்பரம், ஆவடி ஆணையரகங்கள் பிரிக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டின் எண்ணையும் பிந்தைய ஆண்டின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குற்றம் கூடியது குறைந்தது என்று பேசுகிறவர், முதலில் எந்தெந்தக் காவல் நிலையங்கள் எந்தப் பக்கம் போயின என்று பார்த்திருக்க வேண்டும்.

எல்லைக்கோடு ஒரு நகரத்தின் பெயரையே கெடுத்துவிடும் என்பதற்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. 1876இல் அந்த நகரம் தன்னைச் சுற்றியிருந்த மாவட்டத்திலிருந்து பிரிந்து, தன் எல்லையை நிரந்தரமாக வரைந்துகொண்டது. பின்னர் வசதியுள்ள குடும்பங்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டன. இன்று புறநகர்களையும் சேர்த்த பெருநகரப் பகுதி முழுவதிலும் சுமார் 28 லட்சம் பேர் வாழ்ந்தாலும், ‘செயின்ட் லூயிஸ் நகரம்’ என்ற பெயருக்குள் வருபவர்கள் 3 லட்சம் பேர் மட்டுமே. அவர்களில் வறுமைப்பட்ட பகுதிகளில் வாழ்பவர்கள் அதிகம். 2020இல் அங்கே 263 கொலைகள், லட்சத்துக்கு 87. அந்த எண் பொய்யன்று, 263 குடும்பங்களின் துயரம் அது. ஆனால் 1968இல் தன் மாவட்டம் முழுவதையும் நகர எல்லைக்குள் இழுத்துக்கொண்ட ஜாக்சன்வில் போன்ற நகரத்தோடு அதை ஒரே பட்டியலில் வைக்கும்போது, நாம் ஒப்பிடுவது நகரங்களையா, நிலவரைபடக் கோடுகளையா என்ற ஐயம் எழாமல் போகாது. நகரங்களைக் குற்றத்தின்படி வரிசைப்படுத்தி வெளியிடுவதை எதிர்த்து அமெரிக்கக் குற்றவியல் அறிஞர்களின் சங்கம் 2007இல் தீர்மானமே போட்டது. பட்டியல்கள் அதற்காக நின்றுவிடவில்லை.

சரி, எல்லையும் மக்கள்தொகையும் திருத்தமாகவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், ஓரிடத்தில் குற்றத்துக்கு ஆளாகிறவர்கள் அங்கே குடியிருப்பவர்கள் மட்டும்தானா? தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் பையைப் பறிகொடுப்பவர் திருவள்ளூரிலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ வந்தவராக இருப்பார். வழக்கு சென்னையின் கணக்கில் ஏறும். ஆள் சென்னையின் மக்கள்தொகையில் இல்லை. லண்டன் மாநகரத்தின் நடுவே ‘சிட்டி ஆஃப் லண்டன்’ என்ற பழைய வணிகப் பகுதி இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் 2021 கணக்கெடுப்பின்படி 9 ஆயிரம் பேருக்கும் குறைவு. வேலைக்கு வருபவர்களோ 5 லட்சத்துக்கும் மேல். அங்கே நடக்கும் திருட்டுகளைக் குடியிருப்பவர்களால் வகுத்தால் உலகிலேயே கொடிய திருட்டுப் பேட்டை அதுதான் என்று வரும். மும்பையில் வேறு கதை. புறநகர் ரயிலில் கைப்பேசியைப் பறிகொடுத்தவர் போக வேண்டியது ரயில்வே காவல்துறையிடம். மாநகரக் காவல்துறையின் ஏட்டில் அந்தத் திருட்டு இடம்பெறாது.

இப்போது மேலே இருக்கும் எண்ணுக்கு வருகிறேன். அங்கேதான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

குற்றம் நடப்பது ஒன்று. வழக்கு பதிவாவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு எழுத்தர், ஒரு ஆய்வாளர், புகார் கொடுப்பவரின் பொறுமை, சில சமயம் அவருடைய சாதியும் பணமும் நிற்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் கூட்டமான பேருந்தில் என் சட்டைப்பையிலிருந்து கைப்பேசி போயிற்று. காவல் நிலையத்தில் மிகுந்த கனிவோடுதான் நடத்தினார்கள். தேநீர்கூடத் தந்தார்கள். ஆனால் ‘திருடப்பட்டது’ என்று நான் எழுதியிருந்த மனுவைப் படித்துவிட்டு, ‘பயணத்தின்போது தவறவிட்டேன்’ என்று மாற்றி எழுதித் தந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்றார்கள். மனு பெறப்பட்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கையில் வந்தது; புதிய சிம் அட்டை வாங்க அது போதும். முதல் தகவல் அறிக்கை இல்லை. ஆகவே, அட்டவணையின் பார்வையில் அன்று அந்த ஊரில் எதுவும் திருடப்படவில்லை. தமிழ்நாட்டில் இந்த அனுபவம் இல்லாத குடும்பம் அரிது. ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் 2017இல் சென்னை, மும்பை, தில்லி, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களில் வீடுவீடாக நடத்திய ஆய்வும், திருட்டுக்கு ஆளானவர்களில் முதல் தகவல் அறிக்கை வரை போனவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்றுதான் காட்டியது.

பத்தில் ஒன்பது பதிவாகாமல் போகிற இடத்தில், அந்த ஒன்பதில் ஒன்றைக் கூடுதலாகப் பதிந்தால்கூட விகிதம் இரட்டிப்பாகிவிடும். தில்லியில் ஏறத்தாழ அதுதான் நடந்தது. 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு நாடே கொதித்தது. 2013இல் சட்டம் திருத்தப்பட்டு, பாலியல் குற்றப் புகார்களைப் பதிய மறுக்கும் காவல் அலுவலருக்குச் சிறைத் தண்டனை என்று வந்தது. அதே ஆண்டு நவம்பரில் லலிதா குமாரி வழக்கில், காவல்துறை நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிந்தே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாகனத் திருட்டுக்கு இணையவழியிலேயே முதல் தகவல் அறிக்கை பெறும் வசதியை 2015இல் தில்லி காவல்துறை கொண்டுவந்தது. விளைவைப் பாருங்கள். 2012இல் 706ஆக இருந்த பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2013இல் 1,636. தண்டனைச் சட்ட வழக்குகள் மொத்தமாக 2013இல் சுமார் 80 ஆயிரம், 2014இல் 1.55 லட்சம், 2015இல் 1.91 லட்சம். இரண்டே ஆண்டுகளில் தில்லி மக்கள் இரண்டு மடங்கு கெட்டவர்களாகிவிடவில்லை. கதவு திறந்தது, உள்ளே வர முடியாமல் நின்றவர்கள் வந்தார்கள். ஒப்பீட்டுப் பட்டியலிலோ தில்லி மேலும் ‘மோசமானது’.

வழக்குகள் கூடுவதைக் குற்றங்கள் கூடுவதாகக் கொள்வது தவறான அனுமானம் என்று ஆவணக் காப்பகம் தன் அறிக்கையிலேயே எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவது செய்தி எழுதுபவர்களின் வழக்கமாகிவிட்டது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றில் மிகக் கொடியது எதுவோ அது மட்டும்தான் எண்ணப்படும். கொலையும் கொள்ளையும் சேர்ந்த நிகழ்வு கொலையாக மட்டுமே கணக்கில் ஏறும். மாநிலத்துக்கு மாநிலம் சட்டங்களும் வேறு. மதுவிலக்கு உள்ள குஜராத்தில் ஒரு புட்டியோடு பிடிபடுவது வழக்கு. எல்லை தாண்டி வந்தால் அது வெறும் புட்டி.

பதிவின் வலிமையையும் குற்றத்தின் கொடுமையையும் பிரித்துப் பார்க்க, கேரளத்தையும் பிகாரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2022இல் கேரளத்தில் லட்சம் பேருக்கு 600க்கு மேற்பட்ட தண்டனைச் சட்ட வழக்குகள். பிகாரில் 200க்கும் கீழே. இதை மட்டும் படித்தவர் கொச்சிக்குப் போகாமல் பாட்னாவுக்கு ரயிலேறுவார். அதே ஆண்டில் கேரளத்தில் கொலை வழக்குகள் 334, லட்சத்துக்கு 0.9, பிகாரில் 2,930, லட்சத்துக்கு 2.3. காவல் நிலையத்துக்குள் அச்சமின்றி நுழைந்து, பதிய மறுத்தால் வழக்கறிஞரையும் செய்தியாளரையும் அழைத்து வரத் தெரிந்த மக்கள் வாழும் மாநிலம், குற்றப் பட்டியலில் மேலே போகத்தான் செய்யும்.

இதனால்தான், ஊர்களை ஒப்பிட்டே ஆக வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், நான் கொலையை மட்டும் கேட்கிறேன். கைப்பேசியைத் தவறவிட்டதாக எழுதலாம். ஒரு மனிதனைத் தவறவிட்டதாக எழுதுவது கடினம். அடுத்தபடியாக வாகனத் திருட்டைச் சொல்வேன். முதல் தகவல் அறிக்கை இல்லாமல் காப்பீட்டுப் பணம் வராது என்பதால் வண்டியை இழந்தவர் விடமாட்டார். கொலையை எடுத்துக்கொண்டு 2022ஐப் பார்த்தால், தில்லியில் 501, பெங்களூருவில் 173, மும்பையில் 135, கொல்கத்தாவில் 34. பழைய 2011 எண்களாலேயே வகுத்தாலும் லட்சத்துக்கு முறையே 3.1, 2.0, 0.7, 0.2. நாட்டின் சராசரியோ 2.1. மும்பை, இருட்டு உலகக் கதைகளாலேயே நாம் அறிந்த மும்பை, நாட்டின் சராசரியில் மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது. கொல்கத்தாவுக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும்: 141 லட்சத்தை விட்டுவிட்டு 45 லட்சத்தால் வகுத்தாலும் அதன் கொலை விகிதம் 0.8ஐத் தாண்டாது. பட்டம் கொடுத்த கணக்கு ஐயத்துக்குரியதே தவிர, அந்த நகரத்தின் நற்பெயர் ஆதாரமற்றதன்று.

மறுபக்கம், 2018இல் 19 பெருநகரங்களில் கொலை விகிதம் மிக அதிகமாக இருந்தது பாட்னாவில், லட்சத்துக்கு 4.4. அந்தப் பட்டியலிலேயே மிகச் சிறிய நகரங்களில் அது ஒன்று. 2011இல் மக்கள்தொகை 20.5 லட்சம்தான். ஊர் பெருத்தால் குற்றம் பெருகும் என்ற நம்பிக்கை இங்கே தடுமாறுகிறது.

அந்த நம்பிக்கை முற்றிலும் பொய்யும் அன்று. நகரங்களின் அளவைப் பற்றி லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க நகரங்களின் 2003ஆம் ஆண்டுத் தரவை வைத்து, மக்கள்தொகை இரட்டிப்பானால் கடுங்குற்றங்கள் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 2.2 மடங்காக உயர்கின்றன என்று காட்டியது. தலைக்கு 12 விழுக்காடு அளவுக்குக் கூடுதல். வருமானமும் புதிய கண்டுபிடிப்புகளும்கூட அப்படியேதான் கூடுகின்றன என்பது அந்த ஆய்வின் சுவையான பகுதி: ஆட்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் வாய்ப்பு பெருகினால் நல்லதும் பெருகும், கெட்டதும் பெருகும். ஆனால் இது ஒரு நாட்டில், ஒரு காலத்தில், நூற்றுக்கணக்கான நகரங்களின் சராசரிப் போக்கு. தனியொரு நகரத்தின் விதி அன்று. நியூயார்க்கில் 1990இல் 73 லட்சம் பேர், 2,245 கொலைகள். 2017இல் மக்கள்தொகை பத்து லட்சத்துக்கு மேல் கூடியிருந்தது, கொலைகள் 292. லட்சத்துக்கு 31 என்றிருந்த விகிதம் 3.4க்கு இறங்கியது. டோக்கியோவின் அளவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உலகின் மிகப் பெரிய நகரத் தொகுப்பாக நெடுங்காலம் இருந்தும், கொலை மிக அரிதாக நடக்கும் நகரங்களில் அது ஒன்று.

அண்ணியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. கொலை விகிதம்கூட அவர் கேட்ட கேள்விக்கு முழு விடையாகாது. 2022இல் இந்தியாவில் நடந்த 28,522 கொலைகளில் தகராறே முதன்மைக் காரணம், 9,962; அடுத்தது சொந்தப் பகை, 3,761; பொருளாசைக்காக நடந்தவை 1,884 மட்டுமே. நிலத்தகராறும் பங்காளிச் சண்டையும் ஒரு கல்லூரி மாணவியின் இரவு நேரப் பேருந்துப் பயணத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. விடுதியிலிருந்து கல்லூரி வரை தெருவிளக்கு எரிகிறதா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, அந்தக் காவல் நிலையத்தில் ஒரு பெண் தனியாகப் போய்ப் புகார் கொடுத்தால் பதிகிறார்களா என்று அங்கே படிக்கும் இரண்டு மாணவிகளிடம் கேட்கச் சொன்னேன். ஒரே நகரத்துக்குள் இரண்டு பேட்டைகளுக்கு இடையே இருக்கும் வேறுபாடு, இரண்டு நகரங்களின் சராசரிகளுக்கு இடையே இருப்பதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

இனி வரும் ஆண்டுகளில் இந்தப் பட்டியலைப் படிப்பவர்கள் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டியிருக்கும். 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. முன்பு திருட்டிலோ வழிப்பறியிலோ அடங்கிய சங்கிலிப் பறிப்பு இப்போது தனிக் குற்றம். மின்னணு வழியில் புகார் கொடுக்கவும், எந்தக் காவல் நிலையத்திலும் வழக்குப் பதியவும் புதிய நடைமுறைச் சட்டம் வழிசெய்கிறது. அது ஒழுங்காக நடந்தால் வழக்குகள் கூடும். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறிக்கப்பட்டிருக்கிறது; அதன் எண்கள் வந்து வகுக்கும் எண் மாறும்போது, பெங்களூருவின் குற்ற விகிதம் ஒரே இரவில் மூன்றில் ஒரு பங்கு சரியக்கூடும். முதல் மாற்றத்துக்காக ஓர் ஆணையர் வசை வாங்குவார். இரண்டாவதற்காக அவருக்குப் பின் வந்தவர் பொன்னாடை வாங்குவார்.